கீழ்வீட்டு மணி

மணி அடித்ததும் தைரியராஜ் எழுந்துவிட்டார். முழுதாக எழவில்லை. பிரம்பு நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இடுப்பைப் பாதி தூக்கியவர், அப்படியே ஒரு கணம் நின்று, பிறகு மெதுவாக உட்கார்ந்தார். நாற்காலி வழக்கம்போல் கிறீச்சிட்டது. மனைவி பாக்கியமேரி போய் இரண்டு மாதம் ஆகிறது. உள்ளறையில் கட்டில் மட்டும்தான் இருக்கிறது. இப்போது அடித்தது கீழே இருக்கும் பல் கிளினிக்கின் மணி. யாரோ ஒருவருடைய முறை வந்துவிட்டது, அவ்வளவுதான். இதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். இடுப்புக்குத்தான் தெரியவில்லை.

தில்லை நகர் ஏழாவது கிராஸில் அந்த வீடு. கீழே டாக்டர் லின்சியின் கிளினிக், மாடியில் தைரியராஜ். கிளினிக்கின் வாசல் தெருவைப் பார்த்திருக்கும். மாடிப்படி பக்கத்துச் சந்தில் ஏறும். அதனால் இரு வீட்டுக்காரர்களும் முகம் பார்க்காமலே ஒரு வாரத்தை ஓட்டிவிட முடியும். கிளினிக் மாலை ஐந்து மணிக்குத் திறந்து எட்டரைக்கு மூடும், ஞாயிறு விடுமுறை. கையில் உறை மாட்டிக்கொண்டு ஒருவர் வாய்க்குள் குனிந்திருக்கும் டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட எழுந்து வர முடியாது. அதற்காகக் காலால் மிதிக்கிற மாதிரி நாற்காலிக்கு அடியில் ஒரு பொத்தான் ஒட்டியிருந்தார். மிதித்தால் வெளியே காத்திருப்பவர்களின் தலைக்கு மேல் மணி ஒலிக்கும். மாடியிலும் ஒலிக்கும். சிக்கல் அதில்தான் தொடங்கியது.

மாடியில் மணி வந்தது பாக்கியமேரிக்காக. முப்பது வருடம் கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள், மைதானத்தின் இந்த முனையில் நின்று அந்த முனையில் ஓடும் பிள்ளையைப் பேர் சொல்லி நிறுத்தக்கூடிய குரல் அவளுக்கு. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன, அந்தக் குரலும் போயிற்று. இடது கைக் கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்டது. சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு எலெக்ட்ரிக் கடையில் தைரியராஜ் அந்த மணியை வாங்கினார். பிஸ்கட் அளவுக்கு ஒரு வெள்ளைப் பொத்தான். ஊக்குப் போட்டுப் படுக்கை விரிப்போடு சேர்த்துக் குத்திவைக்கலாம். தொட்டாலே அழுந்தும். அதன் ஜோடியை ஹாலில் பிளக்கில் செருகிவிட்டால் வயர் எதுவும் வேண்டாம். வாங்கிவந்த அன்று அவள் நூறு தடவையாவது அழுத்தியிருப்பாள். அவர் நூறு தடவையும் ஓடினார். அன்று இருவருக்கும் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் லின்சி கிளினிக் திறந்தார். அவரும் அதே மாதிரி மணியை வாங்கி மாட்டினார். அதே கம்பெனி, அதே மாடல், பொத்தானும் மணியும் ஒன்றையொன்று அடையாளம் காண உள்ளே இருக்கும் குறியீடும் அதே குறியீடு. மாலை ஐந்து மணியிலிருந்து மாடி வீட்டில் மணி ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. தைரியராஜ் உள்ளே ஓடுவார். பாக்கியமேரி தலையை ஆட்டுவாள், நான் இல்லை என்று. ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் பார்த்த உத்தியோகமே அதுதான். வானொலி அலைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம். யாருடைய அலை யாருடைய அலையில் போய் இடிக்கிறது என்று வேனில் ஆன்டெனாவைச் சுழற்றிக்கொண்டு ஊர் ஊராகத் துரத்திப் பிடித்தவர். கடைசியில் அவர் வீட்டு மணியிலேயே வந்து இடித்தது.

அவர் கீழே போய்ப் பேசினார். பேசியது என்றால், ரிட்டயரான அதிகாரிகள் பேசுவது மாதிரிப் பேசினார். என்னுடையது முதலில் வைத்தது, உங்களுடையது பிறகு வந்தது, ஆகவே நீங்கள்தான் மாற்ற வேண்டும் என்று. லின்சிக்கும் அவர் பக்கத்துக் கஷ்டம் இருந்தது. மாடியில் பாக்கியமேரி அழுத்தினால் கீழே கிளினிக்கிலும் மணி அடித்தது. ஒருவருக்கு ஈறில் ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருக்கும்போது அடுத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நிற்பார். லின்சி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அங்கிள், நீங்க முதல்ல வச்சீங்க, சரி. காத்துக்கு யாருங்க பட்டா போட்டு வச்சிருக்கா?"

தைரியராஜுக்குச் சுருக்கென்றது. சட்டம் சொல்வதும் அதைத்தான். கதவு மணி, கேட் ரிமோட், வயலில் மோட்டாரைப் போடுகிற ரிமோட் என்று இந்தச் சின்னச் சாமான்கள் எல்லாம் ஒரே ஒரு ஒடுக்கமான அலைவரிசைப் பட்டைக்குள் முண்டியடித்துக்கொண்டு ஓடுகின்றன. லைசென்ஸ் வேண்டாம், யாரும் புழங்கலாம். யாரும் புழங்கலாம் என்பதாலேயே யாரும் உரிமை கொண்டாட முடியாது. முதலில் வந்தவன், பின்னால் வந்தவன் என்ற கணக்கே அங்கே இல்லை. இப்படி முறையிட்டு வந்த மனுக்களுக்கெல்லாம் அனுப்புவதற்கென்று அலுவலகத்தில் ஒரு பதில் கடிதம் இருந்தது. உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் இயங்கும் கருவிகள் இடையூறிலிருந்து பாதுகாப்பு கோர இயலாது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் நாலே வரி. அந்த நாலு வரியை முதன்முதலில் எழுதியவர் தைரியராஜ். அன்றைய மேலதிகாரி அதைப் படித்துவிட்டு இனி இதையே எல்லாருக்கும் அனுப்பு என்று சொன்னது, அவர் உத்தியோகத்தில் கிடைத்த இரண்டு மூன்று பாராட்டுகளில் ஒன்று.

முசிறியிலிருந்து அழகர்சாமி என்று ஒரு விவசாயி அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பக்கத்துக் கொல்லைக்காரர் ரிமோட்டை அழுத்தினால் இவர் மோட்டாரும் ஓடுகிறது, வாழைத் தோட்டத்தில் தண்ணீர் தேங்கிக் கட்டை அழுகுகிறது என்று சொன்னார். தைரியராஜ் அதே நாலு வரியைத் தமிழில் நிதானமாக விளக்கினார். அழகர்சாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்ப நான் யார்கிட்டங்க போறது என்று கேட்டார். யார்கிட்டயும் போக முடியாதுங்க என்றார் தைரியராஜ். சட்டத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது என்று அப்போது அவருக்குத் தோன்றியது. அந்த மனிதர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனது மட்டும் ஏனோ மறக்கவில்லை.

எவ்வளவு தெரிந்து என்ன, அவரும் மனுப் போட்டார். தன்னுடைய பழைய அலுவலகத்துக்கே போட்டார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. அதே நாலு வரி, ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

மணியை மாற்றிவிட்டிருக்கலாமே என்று இதைக் கேட்ட மகள் ஜென்சி சொன்னாள். பெங்களூரில் இருப்பவளுக்கு எல்லாமே இரண்டு நிமிட வேலை. மாற்றிப் பார்க்காமல் இல்லை. வேறு கம்பெனி மணி ஒன்று வாங்கிவந்தார். அதன் பொத்தான் கெட்டி. பாக்கியமேரியின் கட்டைவிரல் அதன் மேல் வழுக்கியது. மூன்றாவது முறை முயன்றபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தோடு அதை எடுத்துப் பரணில் போட்டார். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கியிருந்தால் மிருதுவான பொத்தானோடு வேறு மணி கிடைத்திருக்கும். ஏன் ஏறி இறங்கவில்லை என்றால், அதற்குள் அது பொத்தான் சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லாமல் போயிருந்தது. நாம் ஏன் மாற்ற வேண்டும் என்று இவர் இருந்தார். நாற்காலி சர்வீஸ் செய்ய ஆள் வரும்போது பார்க்கலாம் என்று லின்சி சொன்னார், அந்த ஆள் வரவும் செய்தார், போகவும் செய்தார். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். சந்தில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வார்கள்.

தைரியராஜ் நோட்டுப் போட ஆரம்பித்தார். மறு மனு போடும்போது சான்று வேண்டும் என்பது அவர் காரணம். நீள நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று பத்தி. தேதி, நேரம், குறிப்பு. மணி அடித்ததும் உள்ளே போய்ப் பார்ப்பார். அவள் தலையாட்டினால் திரும்பிவந்து நேரத்தை எழுதி, குறிப்பில் 'கிளினிக்' என்று எழுதுவார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வரி காலியாக இருக்கும். பதினெட்டு மாதத்தில் ஒரு ஞாயிறுகூடத் தப்பவில்லை. இடையூறு வருவது ஓர் இடத்திலிருந்துதான், வேறு எங்கிருந்தும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று அவருக்குப் பெருமை.

பாக்கியமேரிக்கு இந்தச் சண்டை முழுதும் தெரியும். தன் மணி கீழே கேட்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, சனிக்கிழமை சாயங்காலங்களில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்து அவள் வேண்டுமென்றே இரண்டு தடவை அழுத்துவாள். கீழே செருப்புச் சத்தமும், 'இன்னும் கூப்பிடலீங்க, உக்காருங்க' என்று ரிசப்ஷன் பெண்ணின் குரலும் மாடி வரைக்கும் வரும். பாக்கியமேரியின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரிக்கும். டீச்சர் பண்ணுகிற வேலையா இது என்று தைரியராஜ் திட்டுவார். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றுதான் திட்டுவார்.

ஆனால் ஓட்டம் ஓட்டம்தானே. ஒரு சாயங்காலத்தில் இருபது தடவை ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடந்து அவருடைய வலது முழங்கால் வீங்கிவிட்டது. அறையிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டால் மணிக்கே வேலையில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இல்லை. நாள் முழுக்க அந்த அறையில், டெட்டால் வாசனையில், பதில் சொல்ல முடியாதவளிடம் பேசிக்கொண்டிருப்பது அவரால் ஆகவில்லை. மாலையில் மூன்று மணி நேரம் ஹாலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படிப்பது அவருக்கு வேண்டியிருந்தது. ஜூலை மாதம் ஒருநாள் அவள் கட்டிலருகே நின்று சொன்னார்.

"பாக்கியம், சாயந்தரம் அஞ்சுல இருந்து எட்டரை வரைக்கும் நீ மணி அடிக்க வேணாம். நானே அரை மணிக்கு ஒருதரம் வந்து பாத்துக்கிறேன். என்னால ஒவ்வொண்ணுக்கும் ஓட முடியல."

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். சரி என்பதற்கு அவளிடம் இருந்த சொல் அதுதான்.

அன்றிலிருந்து ஒரே ஒரு மாற்றம். மணி அடித்தால் உள்ளே போய்ப் பார்க்காமலே நோட்டில் எழுதினார். அலுவலகத்தில் யாராவது இப்படிச் சரிபார்க்காமல் பதிவு செய்திருந்தால் அவரே மெமோ கொடுத்திருப்பார்.

ஆகஸ்ட் இருபத்தொன்று, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு உள்ளே போய்த் தண்ணீர் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் மணி சில தடவைதான் அடித்தது. இன்றைக்குக் கிளினிக்கில் கூட்டம் குறைச்சல் போல என்று நினைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. ஐந்தரைக்குப் போனபோது பாக்கியமேரி கண் திறந்தபடி கிடந்தாள். கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும் என்பதால் அவர் அதை ஒன்றும் நினைக்கவில்லை. ஆம்புலன்ஸ் சந்துப் பக்கமாக வந்து சந்துப் பக்கமாகவே போயிற்று. ஆஸ்பத்திரியில் இளைஞரான ஒரு டாக்டர் அவர் தோளைத் தொட்டு, மூளையில் பெரிய அடைப்பு, சில நிமிடங்கள்தான் இருந்திருக்கும், பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். தைரியராஜ் அந்த வார்த்தைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். அவளுக்குக் கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது என்று வந்தவர்களிடம் எல்லாம் அவரே சொன்னார்.

அடக்கத்தன்று லின்சி வெள்ளைச் சுடிதாரில் வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, நான் இருந்திருந்தா மேல ஓடி வந்திருப்பேன் அங்கிள் என்றார். துக்க வீட்டில் எல்லாரும் சொல்வதுதானே என்று அவர் தலையாட்டினார்.

ஜென்சி பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அந்த மணியப் பிடுங்கிப் போடுங்கப்பா, அது அடிக்கிறப்பல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போடுது என்றாள். சரிம்மா என்றாரே தவிர பிடுங்கவில்லை. பிடுங்காததற்குச் சொல்லிக்கொள்கிற மாதிரிக் காரணம் எதுவும் அவரிடம் இல்லை. காலையில் வேலைக்கார அம்மா வந்து போன பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. டி.வி.யைப் போட்டால் யாரோ யாரிடமோ பேசுகிறார்கள். ஐந்து மணிக்கு மணி அடிக்கும். அடித்தால், ஒரே ஒரு நொடி, அந்த வீட்டில் அவரைக் கூப்பிட ஓர் ஆள் இருந்தார். அந்த ஒரு நொடிக்காக அவர் நாலு மணியிலிருந்தே காத்திருக்கத் தொடங்கினார். பதினெட்டு மாதம் எதை நிறுத்தச் சொல்லி மல்லுக்கட்டினாரோ அதுதான் இப்போது அவருக்குத் துணை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கடப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் கடைசியில் லின்சி மாடிக்கு வந்தார், கையில் ஒரு ஸ்வீட் பெட்டியோடு. கிளினிக்கில் எண் காட்டுகிற போர்டு மாட்டிவிட்டேன், அது வயரில் ஓடுகிறது, இனிமேல் உங்களுக்குத் தொந்தரவே இருக்காது என்று சொன்னார். முன்னாடியே செய்திருக்க வேண்டும் அங்கிள், ஆன்ட்டி இருந்தபோதே செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். உண்மையாகவே வருத்தப்படுகிறார் என்று தெரிந்தது. தைரியராஜ் நன்றி சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும்.

அன்று ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று, மணி அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவர் பிளக்கை எடுத்துத் துடைத்து மறுபடி செருகினார், பழுது அதில்தான் என்பது மாதிரி. கீழே ஆட்கள் வருவதும் போவதும், நாற்காலி இழுபடுவதும் கேட்டது. அந்த வரவு போக்கு எதிலும் அவர் இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று கொஞ்ச நாளாகவே கூசிக்கொண்டிருந்தது. பல்லைக் காட்டப் போகிற மாதிரிப் போய், பேச்சோடு பேச்சாக, அந்தப் பழைய மணியும் இருந்துவிட்டுப் போகட்டுமே, எனக்கு ஒன்றும் தொந்தரவில்லை என்று சொல்லிவிடலாம். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பதினெட்டு மாதச் சண்டைக்குப் பிறகு அன்றுதான் அவர் கிளினிக்குக்குள் நோயாளியாக நுழைந்தார். ரிசப்ஷனில் இருந்த ஹஃப்ஸா எழுந்து நின்று, வாங்க சார், உக்காருங்க என்று ஐந்து என்று எழுதிய டோக்கனைக் கொடுத்தாள். உள்ளே இரண்டாவது ஆள் இருந்தார். புது போர்டில் சிவப்பாக எண் எரிந்தது. எண் மாறும்போது ஒரு பெண் குரல், யாரிடமும் பேசாத குரல், டோக்கன் எண் மூன்று என்று சொன்னது. பழைய மணி இருந்த பிளக்கில் இப்போது கொசு விரட்டி இருந்தது. தைரியராஜ் தான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். முதல் விதம் அசட்டுத்தனமாக இருந்தது. இரண்டாவது விதத்தில் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. நான்காவது ஆளும் உள்ளே போன பிறகு, சுவரைப் பார்க்கலாம் என்று பார்த்தார்.

எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட ஒரு படம் புதிதாக மாட்டியிருந்தது. ஒரு பள்ளிக்கூட வராந்தா. லின்சியும் ஹஃப்ஸாவும் நடுவில் நிற்க, கையில் பற்பசையைப் பிடித்துக்கொண்டு முப்பது நாற்பது பிள்ளைகள். பின்னால் ஒரு பேனர். இலவசப் பல் பரிசோதனை முகாம், ஸ்ரீரங்கம். அதன் கீழே தேதி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். 21.08.2025.

ஹஃப்ஸா அவர் படம் பார்ப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டாள். இருநூத்திப் பத்துப் பிள்ளைகளைப் பார்த்தோம் சார், பாதிப் பேருக்குச் சொத்தை என்று சொன்னாள். அவர் திரும்பாமலே கேட்டார்.

"அன்னிக்கு சாயந்தரம் வந்து கிளினிக் திறந்தீங்களாம்மா?"

"எங்கங்க சார். முகாம் முடியறப்பவே ஆறரை ஆயிருச்சு. காவேரிப் பாலத்துல வேற டிராஃபிக். அன்னிக்கு முழுக்கப் பூட்டித்தான் கெடந்துச்சு."

அவர் கையில் டோக்கன் இருந்தது. அதை மேசை மேல் வைத்தார். என்ன சார், டாக்டர் இப்ப கூப்பிட்டுருவாங்க என்றாள் ஹஃப்ஸா. ஒரு சாமானை மேலே மறந்துவிட்டேன் என்று சொன்னதாக அவருக்கு நினைவு. வாசலைத் தாண்டிச் சந்தில் திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் நின்றார். ஜன்னல் வழியாகக் கீழேயிருந்து அந்தக் குரல் கேட்டது. டோக்கன் எண் ஐந்து. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும், டோக்கன் எண் ஐந்து. பிறகு ஆறுக்குப் போய்விட்டது.

நோட்டு சின்ன மேசையின் கீழ்த்தட்டில் பேப்பர்களுக்கு அடியில் இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு அதை அவர் தொடவில்லை. கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து மேசை மேல் வைத்தார். 21.8. ஐந்து எட்டு. ஐந்து பதினொன்று. ஐந்து பதினேழு. மூன்று வரி. மூன்றுக்கும் எதிரே, அவருடைய அழகான கையெழுத்தில், கிளினிக், கிளினிக், கிளினிக்.

பழைய மூளை தன்பாட்டுக்கு வேலை செய்தது. யாருடையது என்று எப்படிச் சொல்ல முடியும், அந்தப் பட்டையில் யார் வேண்டுமானாலும் வரலாம், தெருவில் போன ஏதாவது காரின் ரிமோட், பக்கத்துத் தெருவில் எவனாவது வாங்கி மாட்டிய இதே மணி. நாலே வரியில் ஒரு பதில் கடிதம் எழுதிவிடலாம். அவர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஞாயிறு, காலி. அதற்கு முந்திய ஞாயிறு, காலி. பதினெட்டு மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் காலி. கிளினிக் பூட்டியிருந்தால் அந்த வீட்டில் தப்பான மணி அடித்ததே கிடையாது. அதை நிரூபித்து வைத்திருந்தவர் அவரேதான்.

ஐந்து எட்டுக்கும் ஐந்து பதினேழுக்கும் நடுவில் ஒன்பது நிமிடம். ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அந்த டாக்டர் சொன்னது பொய்யாக இருக்காது. அவள் ஏன் கூப்பிட்டாள் என்பதுதான் இப்போது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அடிக்காதே என்று சொல்லியும், சரி என்று கண்ணை மூடித் திறந்தும், மூன்று தடவை அழுத்தியிருக்கிறாள். காப்பாற்று என்றா? பக்கத்தில் வந்து உட்கார் என்றா? பூட்டிய கிளினிக்கில், காலி நாற்காலிகளுக்கு மேலே, அதே மூன்று மணியும் அடித்திருக்கும். அங்கே கேட்க ஆளில்லை. இங்கே கேட்க ஓர் ஆள் இருந்தார், கையில் பேனாவோடு.

உள்ளறைக்குப் போனார். விரிப்பை மாற்றியபோதுகூடப் பொத்தானை எடுத்துவிடாமல் அவரே மறுபடி அதே இடத்தில் குத்திவைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, அவள் படுத்திருந்த பக்கமாகவே, அவள் தலையணையில் தலை வைத்துப் படுத்தார். அவள் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு தடவைகூட அவர் அங்கே படுத்துப் பார்த்ததில்லை. கதவு திறந்திருந்தது. தலையணையிலிருந்து நேரே ஹால் தெரிந்தது. ஜன்னலைப் பார்த்துப் போட்ட பிரம்பு நாற்காலியின் முதுகு தெரிந்தது. அதன் வலது கை தெரிந்தது. பக்கத்தில் சின்ன மேசையும், அதன் மேல் திறந்து கிடந்த நோட்டும், நோட்டின் நடுவில் பேனாவும்கூடத் தெரிந்தன. அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் எழுதினால், முகம் தெரியாது. எழுதுகிற கை மட்டும் நன்றாகத் தெரியும்.

இடது கைக் கட்டைவிரலால் தேடிப் பொத்தானை அழுத்தினார். ஹாலில் மணி அடித்தது. அது இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அவர் நினைக்கவில்லை. மணி ஓய்ந்த பிறகு, பிரம்பு நாற்காலி கிறீச்சிடும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அழுத்தினார்.